ஒரே ஒரு செல்லின் வாரிசுகள்: பாரிஸில் ஒரு தலசீமியா நோயாளி, 2007

ஏன் இந்த நிகழ்வு

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உற்பத்தியாகாத பரம்பரை ரத்த நோய். அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றும் வார்டில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் சில ஆண்டுகளாகவே ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஜீன் தெரபி வந்தாச்சாமே, ஒரே ஒரு தடவை போட்டா போதுமாமே, உண்மையா?" உண்மைதான். ஆனால் ஆம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாத உண்மை. உலகத்தில் முதன்முதலாக மரபணு சிகிச்சையால் ரத்தம் ஏற்றுவதை நிறுத்திய தலசீமியா நோயாளிக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் அந்தக் கேள்விக்கான பதில் தானாகவே தெளிவாகும். அவருடைய பெயர் ஆய்வுக் கட்டுரைகளில் இல்லை, இங்கேயும் இல்லை. அவருக்குச் சிகிச்சை கொடுத்த குழுவின் வேலை எல்லாம் வெளிப்படையாக அச்சில் வந்தவை.

நோயாளியின் பின்னணி

2007-இல் அவருக்கு 18 வயது. பீட்டா தலசீமியாவில் கடுமையான ஒரு வகை. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினுக்குத் தாய் தந்தையிடமிருந்து வந்த இரண்டு மரபணுக்களில் ஒன்று கொஞ்சமும் வேலை செய்யாது. இன்னொன்று ஹீமோகுளோபின் இ என்ற மாற்றுரு. அது வேலை செய்யும், ஆனால் குறைவாக. இந்த ஹீமோகுளோபின் இ தென்கிழக்கு ஆசியாவில் நிறையக் காணப்படுவது. நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வந்தால் சிலருக்கு லேசான சோகையோடு போய்விடும், சிலருக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் உயிர். இவர் இரண்டாவது வகை.

சிறு குழந்தையாக இருந்தபோதே ரத்தம் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மண்ணீரலை எடுத்துப் பார்த்தார்கள். ஹைட்ராக்ஸியூரியா கொடுத்துப் பார்த்தார்கள். கருவிலிருக்கும் குழந்தைக்கு உரிய எஃப் வகை ஹீமோகுளோபினை அது கூட்டும் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் மாத்திரை. அதுவும் பலன் தரவில்லை.

ரத்தம் ஏற்றுவது ஒரு பக்கம் என்றால், அதனுடன் உள்ளே போகும் இரும்பு இன்னொரு பக்கம். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நம் உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றக்கூடியது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மீதி எல்லாம் ஈரலிலும் இதயத்திலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் போய்ப் படிகிறது. அதை எடுக்க டெஸ்ஃபெரிஆக்ஸமின். அந்த மருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரவு படுக்கும் முன் வயிற்றுத் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி, அதோடு ஒரு சிறு பம்ப், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக, வாரத்தில் ஐந்து இரவுக்குக் குறையாமல். காலையில் ஊசி இருந்த இடம் கன்றிப்போய்க் கட்டியாக இருக்கும். மறு இரவு அதற்கு இரண்டு விரல் தள்ளிக் குத்த வேண்டும். இந்த நோயாளியும் பல ஆண்டுகள் அப்படித்தான் கழித்தார். வாயால் விழுங்கும் மருந்து வந்தது பின்னால்தான்.

எலும்பு மஜ்ஜை மாற்று ஏற்கனவே இருந்தது. தலசீமியாவுக்கு அதை முதலில் செய்தது 1981-இல், அமெரிக்காவின் சியாட்டிலில். நம் வேலூரில் மஜ்ஜை மாற்று 1986-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதற்குப் பொருந்தும் உடன்பிறப்பு வேண்டும். ஒரு அண்ணனோ தங்கையோ பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இவருக்குக் குடும்பத்தில் யாரும் பொருந்தவில்லை.

அதற்கு முன் பாரிஸில் நடந்தது

2007-இல் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள எட்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையில் ஆலன் ஃபிஷர் என்ற மருத்துவரும், இத்தாலியிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய மரீனா கவாட்சானா என்ற ஆய்வாளரும் 1999-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாமல், கிருமி புகாத கூடாரத்துக்குள் வளர்ந்த ஆண் குழந்தைகள். அவர்களுடைய மஜ்ஜையிலிருந்து, ரத்த அணுக்கள் எல்லாம் பிறக்கும் தாய்ச் செல்களான ஸ்டெம் செல்களை எடுத்து, வெளியே வைத்து, ஒரு வைரஸின் கூட்டுக்குள் சரியான மரபணுவை ஏற்றி, அந்த வைரஸை விட்டுச் செல்களுக்குள் கொண்டு சேர்த்து, திருப்பி உடம்புக்குள் ஏற்றினார்கள். 2000-இல் முதல் இரண்டு குழந்தைகளின் முடிவு வெளிவந்தது. கூடாரத்தை விட்டு வீட்டுக்குப் போய்விட்டன குழந்தைகள். மரபணு சிகிச்சை ஒரு நோயை நிஜமாகவே மாற்றியது என்று உலகம் ஏற்றுக்கொண்டது அப்போதுதான்.

2002-இல் அந்தக் குழந்தைகளில் ஒருவனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அப்புறம் இன்னொருவனுக்கு. கடைசியில் பாரிஸில் நான்கு பேருக்கு, இதே முறையைப் பின்பற்றிய லண்டன் சோதனையில் ஒருவனுக்கு. ஒரு குழந்தை 2004-இல் இறந்தது. மற்றவர்கள் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார்கள்.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வைரஸ் எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் குடும்பத்தைச் சேர்ந்தது. தான் சுமந்து வரும் மரபணுவை நம் குரோமோசோமில் அது எங்கே செருகும் என்பது நம் கையில் இல்லை. சில செல்களில் எல்எம்ஓ2 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் போய்ச் செருகியது. வைரஸின் இரு முனைகளிலும் உள்ள வலிமையான முடுக்கிகள் பக்கத்து மரபணுவையும் சேர்த்து முடுக்கிவிட்டன. அந்தச் செல் கட்டுக்கடங்காமல் பெருகியது.

இதை அனுபவித்த குழு மரபணு சிகிச்சையை விட்டுவிடவில்லை. வைரஸை மாற்றினார்கள், கண்காணிப்பை மாற்றினார்கள். இந்த இரண்டாவது மாற்றத்துக்குத்தான் நான் அதிக மதிப்புத் தருவேன். ஏன் என்பது கீழே.

மருந்தை அமைத்த விதம்

தலசீமியாவுக்கான வைரஸை வடிவமைத்தது ஃபிலிப் லெபூல்ஷ் தலைமையிலான குழு. எச்ஐவி வைரஸின் உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுக் கூட்டை மட்டும் வைத்துக்கொண்ட லென்டிவைரஸ் அது. முனைகளில் இருந்த முடுக்கிகளை வெட்டியாயிற்று. உள்ளே வைத்த பீட்டா குளோபின் மரபணு, சிவப்பணுவாக மாறப்போகும் செல்களில் மட்டும் வேலை செய்யும்படி அதற்குரிய சொந்த விசைகளோடு வைக்கப்பட்டது. மேலும் ஒரு பாதுகாப்பு: முனைகளில் கோழியின் டிஎன்ஏவிலிருந்து எடுத்த ஒரு தடுப்புத் துண்டு, இரண்டு பிரதிகள். வயலுக்கு வேலி போடுவது போல, உள்ளே இருக்கும் விசை பக்கத்து மரபணுவைத் தொடாமல் இருக்க. இந்த வேலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பீட்டா குளோபினிலும் ஒரே ஒரு எழுத்து வேறு. புரதச் சங்கிலியில் 87-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமின். கருவில் வேலை செய்யும் காமா குளோபினில் அந்த இடத்தில் இருப்பது குளூட்டமின்தான். அரிவாள் செல் நோயில் சிவப்பணு வளைவதை இது தடுக்கும் என்பதற்காகச் செய்த மாற்றம். அரிவாள் செல் நோய் வரவைத்த எலிகளில் 2001-இலேயே இதை நிரூபித்துவிட்டார்கள். தலசீமியாவுக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை. ஆனால் ஒரு பெரிய உதவி செய்தது: நோயாளியின் ரத்தத்தை ஆய்வகக் கருவியில் பிரித்துப் பார்க்கும்போது, ஏற்றிய ரத்தத்தில் வந்த ஹீமோகுளோபின் எது, மருந்து உண்டாக்கிய ஹீமோகுளோபின் எது என்று தனித்தனியாகத் தெரிந்தது. ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒருவரிடம் மருந்து வேலை செய்கிறதா என்று வேறு எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சிகிச்சை பெற்றவர்

இந்தச் சோதனையில் சிகிச்சை பெற்ற முதல் நோயாளி இவர் இல்லை. இவருக்கு முன் ஒருவர். அவருக்குத் திருப்பி ஏற்றிய செல்கள் மஜ்ஜையில் பிடிக்கவே இல்லை. வைரஸின் குறை இல்லை. செல்களைக் கையாண்டபோது அவை கெட்டிருந்தன. முன்னெச்சரிக்கையாக எடுத்து உறைய வைத்திருந்த, மாற்றம் எதுவும் செய்யாத அவருடைய சொந்தச் செல்களை ஏற்றி அவரைக் காப்பாற்றினார்கள். அவர் மறுபடி பழைய நிலைக்கு, மாதாமாதம் ரத்தத்துக்கு.

இந்தப் பகுதி செய்திகளில் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் மஜ்ஜையை மருந்தால் அழித்த பிறகு ஏற்றிய செல் பிடிக்கவில்லை என்றால் நோயாளிக்கு ரத்தம் உற்பத்தி செய்ய வேறு எதுவும் இல்லை. கிருமித்தொற்றிலோ ரத்தக்கசிவிலோ உயிர் போகும். அந்த ஒரு பை மாற்றுச் செல்தான் அவருக்கும் மரணத்துக்கும் இடையில் இருந்தது. எந்த மரபணு சிகிச்சைக்கும் இந்தப் பை இல்லாமல் மஜ்ஜையை அழிக்கத் தொடங்கக் கூடாது என்பதை நான் முதல் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

2007 ஜூன்

இரண்டாவது நோயாளியான நம்மவருக்கு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்தார்கள். ஆய்வகத்தில் வைரஸோடு சேர்த்து வைத்தார்கள். அதன் பிறகு நான்கு நாள் பூசல்ஃபான். பழைய மஜ்ஜையில் இடம் காலி செய்யும் மருந்து இது. திருத்திய செல் போய் உட்கார இடம் வேண்டும் அல்லவா. ஆனால் முடி கொட்டும், வாய்ப்புண் வரும், குழந்தைப் பேற்றுத் திறன் போய்விடக்கூடும். மரபணு சிகிச்சையை 'ஊசி' என்று சொல்வது எவ்வளவு தவறான எண்ணத்தைத் தருகிறது என்பது இங்கேதான் தெரிகிறது. ஏற்றும் பை சிறியது, அரை மணி நேர வேலை. அதற்கு முன்னும் பின்னும் உடம்பு படும் பாடு, மஜ்ஜை மாற்று செய்துகொள்பவர் படும் பாட்டுக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. செல் பிறருடையது இல்லை என்பதால் உடம்பு எதிர்க்கும் ஆபத்து ஒன்றுதான் கிடையாது.

18 வயதில் அவர் இதற்குச் சம்மதித்தார். குழந்தைகளைக் கொண்டு தொடங்காமல், தானே கையெழுத்துப் போடக்கூடிய வயதில் இருந்தவரைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே படுகிறது. புற்றுநோய் வந்த முந்தைய குழந்தைகளுக்குப் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இவர் கையெழுத்தைப் போட்டவர் இவரே.

முதல் ஓராண்டு

செல்கள் பிடித்தன. ஆனால் ரத்தம் ஏற்றுவது நிற்கவில்லை. மாதாமாதம் எடுத்த மாதிரியில் மருந்தின் ஹீமோகுளோபின் மெல்ல மெல்ல ஏறியது. பைகளுக்கு இடையிலான நாட்கள் நீண்டன. சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஓராண்டில், 2008 ஜூனில், கடைசிப் பை ஏறியது.

அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ரத்தம் ஏற்றவில்லை. ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 9-க்கும் 10-க்கும் நடுவில் கிராம் என்று நின்றது. முழு ஆரோக்கியமான ஆணுக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே இவருக்குச் சோகை இருந்தது, லேசாக. அந்த ஹீமோகுளோபினில் மூன்றில் ஒரு பங்கு மருந்து உண்டாக்கியது. மீதி அவருடைய சொந்த இ வகையும் எஃப் வகையும். அவர் முழு நேர வேலைக்குப் போகத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அவரிடமிருந்து மாதம் 200 மில்லி ரத்தத்தை எடுக்க ஆரம்பித்தார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ரத்தத்தை வாங்கிக்கொண்டிருந்த கை இப்போது வெறும் பைக்குள் ரத்தத்தை விட்டது. படிந்திருக்கும் இரும்பைக் குறைக்க இதுதான் எளிய வழி. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு. 200 மில்லியில் 19 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் வெளியேறும். முன்பு ஒரு பையில் உள்ளே போன இரும்பை எடுக்க மூன்று நான்கு மாதம் ஆகும் கணக்கு. இருந்தாலும் வயிற்றில் பம்ப் வேண்டாமே.

எண்ணிப் பார்த்தபோது

இதோடு நிறுத்திவிட்டு வெற்றி என்று அறிவித்திருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. காரணம் 2002.

வைரஸ் செருகிய இடம் ஒவ்வொரு ஸ்டெம் செல்லிலும் வேறு வேறு. ஒரு செல் பிரிந்து ஆயிரம் ஆகும்போது அந்த ஆயிரத்திலும் செருகிய இடம் அதேதான். ஆகவே செருகிய இடம் ஒரு முகவரி மாதிரி. ரத்தத்தில் எத்தனை முகவரிகள் தென்படுகின்றன, எந்த முகவரி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினால் எத்தனை ஸ்டெம் செல்கள் உண்மையில் வேலை செய்கின்றன என்று தெரியும். முகவரிகள் நிறைய வந்தால் நல்லது. ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் ஒரு செல் மட்டும் பெருகுகிறது என்று அர்த்தம்.

இவரிடம் ஒரு முகவரி மற்றவற்றை முந்திக்கொண்டு ஏறியது. 12-ஆவது குரோமோசோமில் எச்எம்ஜிஏ2 என்ற மரபணுவின் உள்ளே. திருத்திய செல்களில் பெரும் பங்கு அந்த ஒரே செல்லின் வாரிசுகள். அதாவது அவர் ரத்தம் ஏற்றாமல் இருப்பதற்கான நன்மையில் பெரும் பகுதியை ஒரே ஒரு ஸ்டெம் செல் தந்துகொண்டிருந்தது.

எச்எம்ஜிஏ2 கருவளர்ச்சியின்போது வேலை செய்யும் மரபணு. பிறந்த பின் பெரும்பாலும் தூங்கும். கொழுப்புக் கட்டி போன்ற தீங்கற்ற கட்டிகள் சிலவற்றில் அது விழித்திருப்பது முன்னரே தெரிந்த விஷயம். இவருடைய செல்லில் அது விழித்ததோடு, அதன் செய்தி நகலான ஆர்என்ஏவின் வால் பகுதியும் வெட்டுப்பட்டிருந்தது. லெட்-7 என்ற குட்டி ஆர்என்ஏக்கள் அந்த வாலைப் பிடித்துத்தான் எச்எம்ஜிஏ2-இன் ஆர்என்ஏவை அழிக்கும். வால் இல்லை, ஆகவே பிடி இல்லை.

வால் எப்படி வெட்டுப்பட்டது? வேலியில். பக்கத்து மரபணுவைத் தொடாமல் இருக்கட்டும் என்று வைத்தார்களே, கோழி டிஎன்ஏ துண்டு, அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று இந்தச் செல்லில் காணாமல் போயிருந்தது. மிச்சமிருந்ததற்குள் இருந்த, ஆர்என்ஏவை வெட்டித் தைக்கும் ஒரு மறைவான தளத்தை செல் பயன்படுத்திக்கொண்டது. எச்எம்ஜிஏ2-இன் ஆர்என்ஏ அங்கே வந்து வெட்டி முடிந்தது. பாதுகாப்புக்கு என்று சேர்த்த துண்டுதான் இந்த வெட்டுக்கு இடம் கொடுத்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தால் இது பயங்கரமான நிலை. அந்த ஒரு செல்லின் குலத்தை அழித்துவிட்டால் அவர் மறுபடி ரத்தப் பைக்கே திரும்ப வேண்டும். விட்டுவைத்தால் 2002 போல ஆகிவிடுமோ என்ற அச்சம்.

குழு விட்டுவைத்தது. அந்தக் குலம் திருத்திய செல்களுக்குள்தான் பெரும்பான்மை. மொத்த ரத்தத்தில் அதன் பங்கு சிறியது. செல்கள் முதிர்ந்து சரியாகவே சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் மாறின. புற்றுநோய்ச் செல்கள் அப்படி முதிர்வதில்லை. மஜ்ஜையிலும் கெட்ட அறிகுறி இல்லை. எனவே தொட வேண்டாம், தொடர்ந்து எண்ணுவோம் என்று முடிவு செய்தார்கள்.

இரண்டாவது முடிவு, எழுதுவது. சிகிச்சை முடிந்து 33 மாதம், ரத்தம் ஏற்றாமல் 21 மாதம் கடந்த நிலையை வைத்து 2010-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அதன் தலைப்பிலேயே இரண்டு செய்தியும் சம எடையில் இருந்தன: ரத்தம் ஏற்றாமல் இருப்பது, எச்எம்ஜிஏ2 விழித்தது. நன்மையில் பெரும் பகுதி ஒரே குலத்திலிருந்து வருகிறது என்பதைச் சுருக்கத்திலேயே எழுதினார்கள். அந்தக் குலம் தற்செயலாகப் பெருகியதா, எச்எம்ஜிஏ2 தள்ளிவிட்டதால் பெருகியதா என்பதைத் தங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்றும் எழுதினார்கள்.

உலகத்தின் முதல் வெற்றி என்று ஒரு வரி போட்டு, மீதியை உள்ளே எங்கோ சிறு எழுத்தில் வைத்திருக்க முடியும். அப்படிச் செய்திருந்தால் அடுத்த வைரஸை வடிவமைத்தவர்களுக்கு இந்த வேலிக் கதை கண்ணில் படாமல் போயிருக்கும்.

பிறகு நடந்தது

அந்தக் குலம் ரத்தப் புற்றுநோயாக மாறவில்லை. உச்சத்துக்குப் போன பிறகு அதன் பங்கு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது.

அடுத்த வைரஸில் கோழி டிஎன்ஏ துண்டை எடுத்துவிட்டார்கள். பீட்டா குளோபின் அதேதான், 87-ஆவது இட மாற்றமும் அதேதான். ஆனால் செல்களுக்குள் வைரஸைக் கொண்டு சேர்ப்பதில் நல்ல முன்னேற்றம். ஒரே செல்லை நம்பியிருக்கும் நிலை வராமல் இருக்க வேண்டும் என்றால் நிறையச் செல்களில் மரபணு போய்ச் சேர வேண்டும். பாரிஸ் நோயாளியின் அனுபவம் சொல்லிக்கொடுத்தது அதுதான். 2013 கடைசியில் பாரிஸில் மறுபடி தொடங்கினார்கள். பீட்டா-இ வகைத் தலசீமியா நோயாளிகள் இருவர் ஓராண்டெல்லாம் காத்திருக்கவில்லை. சில வாரங்களிலேயே ரத்தம் ஏற்றுவதை நிறுத்தினார்கள்.

2014 அக்டோபரில், அதே மருத்துவமனையில், கவாட்சானாவின் குழு அரிவாள் செல் நோயுள்ள 13 வயதுப் பையன் ஒருவனுக்கு இதே மருந்தைக் கொடுத்தது. முன்பு மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவன். 15 மாதம் கழித்துப் பார்த்தபோது அவனுடைய பீட்டா வகைக் குளோபினில் ஏறத்தாழ பாதி மருந்து உண்டாக்கியது. வலித் தாக்குதல் ஒன்றும் வரவில்லை. அது 2017-இல் வெளிவந்தது. 2001-இல் எலியில் பார்த்த 87-ஆவது எழுத்து, எதற்காக மாற்றப்பட்டதோ அந்த வேலையை ஒரு பையனின் உடம்பில் செய்தது என்று அச்சில் வர 16 ஆண்டு ஆயிற்று.

2018-இல் 22 தலசீமியா நோயாளிகளின் முடிவு வந்தது. பீட்டா குளோபின் கொஞ்சமாவது உற்பத்தியாகும் வகையினர் 13 பேரில் 12 பேர் ரத்தம் ஏற்றுவதை நிறுத்தினார்கள். அது அறவே உற்பத்தியாகாத, அல்லது கிட்டத்தட்ட அப்படியான வகையினர் ஒன்பது பேரில் மூவர்தான் முழுக்க நிறுத்தினார்கள். மற்றவர்களுக்குத் தேவைப்படும் அளவு குறைந்தது. இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 'தலசீமியா' என்ற ஒரே பெயருக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே பதில் கிடையாது. எந்த மரபணு மாற்றம் என்ற ஆய்வக அறிக்கை கையில் இல்லாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது வீண்.

2019-இல் ஐரோப்பா மருந்துக்கு அனுமதி தந்தது. விலை 15 லட்சம் யூரோவுக்கு மேல். ஜெர்மனியில் விலை பேசி முடியாமல் 2021-இல் தயாரிப்பு நிறுவனம் ஐரோப்பாவை விட்டே விலகியது. 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி. விலை 28 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் 22 கோடி ரூபாய்க்கு மேல். பிரான்ஸின் பொது மருத்துவமனையில் ஒரு நோயாளியின் உடம்பைப் பணயம் வைத்து உருவான அறிவு, அந்த நாட்டு நோயாளிக்கே கடையில் கிடைக்காத மருந்தானது. இதை எழுதும்போது கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

வேலூரில்

இந்த முறையின் ஒரு கிளை தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. வேலூர் சிஎம்சியின் ஸ்டெம் செல் ஆய்வு மையத்தில், அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து செய்த வேலை அது. நோய் வேறு: ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா ஏ. முறை அதேதான், நோயாளியின் சொந்த ஸ்டெம் செல், லென்டிவைரஸ், பழைய மஜ்ஜையைக் காலி செய்தல், திருப்பி ஏற்றுதல். 22 முதல் 41 வயது வரையான ஐந்து பேர். 2024 டிசம்பரில் முடிவு வந்தபோது, ஐந்து பேரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. முதல் இருவருக்கு, ரத்தம் உறைய உதவும் காரணி குறைவாகவே உயர்ந்தது. வைரஸ் செல்லுக்குள் நன்றாக நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்த பிறகு வந்த மூவருக்கு நன்றாக உயர்ந்தது. நிறையச் செல்களுக்குள் மரபணு போய்ச் சேர வேண்டும் என்று பாரிஸில் கற்றது இங்கேயும் பொருந்தி நின்றது.

திரும்பச் செய்தால் எதை மாற்றுவது

வேலித் துண்டைச் சேர்க்கும் முன், வெட்டித் தைக்கும் தளங்கள் அதில் ஒளிந்திருக்கின்றனவா என்று மனித ஸ்டெம் செல்லில் சோதித்திருக்க வேண்டும். சொல்ல இன்று எளிது. 2005 வாக்கில் அதற்கான கருவிகள் இவ்வளவு கைக்கு எட்டியவையாக இல்லை. ஆனாலும் பாதுகாப்புக்கு என்று சேர்க்கும் எந்தத் துண்டையும் மருந்தின் மற்ற பகுதிகளைச் சோதிப்பது போலவே சோதிக்க வேண்டும்.

செல் தரக் கட்டுப்பாடு இன்னொன்று. முதலாமவருக்கு நேர்ந்தது போல நேராதபடி, திருத்திய செல்களை உறைய வைத்து, எல்லாச் சோதனையும் முடிந்து அவை உயிரோடு இருக்கின்றன என்று உறுதியான பிறகுதான் மஜ்ஜையை அழிக்கும் மருந்தைத் தொடங்க வேண்டும். இப்போது மருந்தாக வரும் மரபணு சிகிச்சைகளில் இது வழக்கமாகிவிட்டது.

கண்காணிப்பு எவ்வளவு காலம் என்பதும் முக்கியம். குரோமோசோமில் செருகும் வைரஸ் கொடுத்தவர்களை 15 ஆண்டுகள் பின்தொடர வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டுதல். நோயாளிக்கு அது பெரிய சுமை. வேலை மாறுவார், ஊர் மாறுவார், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வராமல் இருப்பார். ரத்தம் ஏற்றுவதற்காக வந்துகொண்டிருந்தவர் இனி ரத்தம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் வர வேண்டும். அந்தப் பயணச் செலவையும் விடுப்பையும் யார் பொறுப்பது என்று தொடக்கத்திலேயே பேசி எழுதிவைக்க வேண்டும்.

கடைசியாக, சம்மதப் படிவம். இங்கே இத்தகைய சோதனை தலசீமியாவுக்கு வரும் நாளில், தமிழில் எழுதும் படிவத்தில் இவை தெளிவாக இருக்க வேண்டும்: பிள்ளைப்பேற்றுத் திறன் போகலாம், அதற்கு முன் விந்தோ முட்டையோ சேமிக்கலாம், செல் பிடிக்காமல் போகலாம், அதற்கு மாற்றுப் பை இருக்கிறது, ஒரு செல் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகலாம், அதை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை எண்ணுவோம், எண்ணியதை யார் வந்து உங்களிடம் சொல்வார்.